ஒப்பீட்டு நிலம்

அண்ணனின் நிலத்துக்கும் தம்பியின் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு இருந்தது. வரப்பை ஒட்டி அவர்களுடைய அப்பா வெட்டிய கிணறு இருந்தது. இயற்கை கெடாத விவசாயத்தைப் பரப்பும் நிலைபேறு மையம் ஊருக்குள் வருவதற்கு முன் அந்த வரப்பில் மாடு நடக்கும், தம்பியின் மனைவி துணி உலர்த்துவாள், வேலை ஓய்ந்த நேரத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து ஊர்வம்பு பேசும். மையம் வந்த பிறகு வரப்புக்கு வெள்ளையடித்து அதை எல்லைக்கோடு என்றார்கள். எல்லைக்கோட்டின் ஒரு பக்கம் எதிர்காலம். மறுபக்கம் கடந்த காலம். தம்பிக்குக் கடந்த காலம் வாய்த்தது.

இதில் யாருடைய ஓரவஞ்சனையும் இல்லை. எல்லாம் அறிவியல் முறைப்படியே நடந்தது.

மையத்தின் இயக்குநர் முதல் தடவை வந்தபோது விதைக் கிடங்கில் கூட்டம் போட்டார். கையில்லாத பச்சை மேற்சட்டை போட்ட ஒரு பட்டாளம் அவருக்குப் பின்னால் நின்றது.

"ஏழை விவசாயியின் கையில் சூரியனைக் கொடுக்க வந்திருக்கிறோம்" என்றார் இயக்குநர்.

"சூரியன் எங்ககிட்ட வேணுங்கிற மட்டும் இருக்கு சார்" என்றான் அண்ணன். "தண்ணி இறைக்க டீசலுக்குத்தான் காசில்ல."

பச்சை மேற்சட்டைகள் கைதட்டின. அதை நன்றியுரை என்று எடுத்துக்கொண்டார்கள்.

சோலார் தகடு, அதில் ஓடும் மோட்டார், சொட்டுநீர்க் குழாய், மண்புழு உரம், மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்குப் பயிற்சி என்று எல்லாம் வரப்போவதாகச் சொன்னார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருமே திட்டத்தில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். இருவரும் தலையாட்டினார்கள். பிறகு வயலுக்குப் போனார்கள். இயக்குநர் வரப்பின் மேல் ஏறி நின்று, பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, விரலை நீட்டினார். விரல் அண்ணனின் நிலத்தைக் காட்டியது.

"அப்ப எனக்கு எப்ப சார் வரும்?" என்றான் தம்பி.

"உங்களுக்கு வந்தாச்சு" என்றார் கள அலுவலர். அவர் இளைஞர், பணிவானவர், கயிறு கட்டுவதிலும் முளை அடிப்பதிலும் கைதேர்ந்தவர். "நீங்கதான் ஒப்பீட்டு நிலம். அண்ணன் நிலம் எவ்வளவு பச்சையா இருக்குன்னு எதை வெச்சு சார் சொல்றது? பக்கத்துல ஒண்ணு காஞ்சு கிடந்தாத்தானே தெரியும்?"

"அது தானாவே காஞ்சுதான் சார் கிடக்கு."

"தானா காயுறது வேற. முறையா காயுறது வேற."

முறையாகக் காய வைக்கும் பணி அடுத்த வாரமே தொடங்கியது. அண்ணனும் தம்பியும் முறை வைத்து ஓட்டிவந்த பழைய டீசல் இன்ஜினை, "புகைக்கு விடைகொடுப்போம்" என்ற பதாகையின் கீழ் லாரியில் ஏற்றினார்கள். இயக்குநர் அதற்கு இரங்கல் உரை வாசித்தார். மையத்தின் தலைமை அலுவலக முற்றத்தில் அது காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது. கிணற்றிலிருந்து தம்பியின் பக்கம் போகும் வாய்க்காலை மண் போட்டு மூடி, மஞ்சள் நாடா கட்டினார்கள். தம்பியின் வீட்டு வாளியில் சிவப்புச் சாயத்தில் "குடிநீருக்கு மட்டும்" என்று எழுதினார்கள்.

"வாளியுமா சார்?"

"வாளியும் ஒரு நீர்ப்பாசனக் கருவிதான்" என்றார் கள அலுவலர், வருத்தத்தோடு.

நிலத்தின் தலைமாட்டில் இரண்டு பலகைகள் நட்டார்கள். அண்ணன் பக்கப் பலகையில் "பின்" என்று இருந்தது. தம்பி பக்கத்தில் "முன்". ஊரில் யாரும் தம்பியை அதற்குப் பிறகு வேறு பெயரில் கூப்பிடவில்லை. டீக்கடையில் அவன் தலை தெரிந்தால் போதும், "முன் வந்துட்டாரு, பின் எங்கப்பா?" என்பார்கள்.

தம்பிக்கு ஒரு சட்டையும் கொடுத்தார்கள். தோளில் கிழிந்தது, முழங்கையில் ஒட்டுப் போட்டது. தலைமை அலுவலகத்தில் அதற்கென்று ஒரு பிரிவு இருந்தது.

"எங்கிட்ட நல்ல சட்டை ரெண்டு இருக்கு சார்" என்றான் தம்பி.

"அதுதான் பிரச்சினையே" என்றார் கள அலுவலர். "இதைத் துவைக்க மட்டும் வேண்டாம். துவைச்சா பதம் கெட்டுடும்."

மோட்டாரை ஓடவிடுவதிலும் ஒரு முறை இருந்தது. விருந்தினர் வரும்போதெல்லாம் அதைப் புதிதாகத் திறந்து வைப்பார்கள். ஒருவர் நாடா வெட்டுவார், ஒருவர் பொத்தானை அழுத்துவார், தண்ணீர் பீறிட்டு வரும், எல்லோரும் அண்ணனின் தக்காளிச் செடிகளைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு வரப்பில் வரிசையாக நின்று தம்பியின் பக்கம் திரும்புவார்கள். கேமராக்காரர் சொல்வார்: "அண்ணன் சிரிங்க. தம்பி, நீங்க சிரிக்காதீங்க. நிலத்தைப் பாருங்க. அப்படித்தான். பெருமூச்சு விட்டா நல்லா இருக்கும்."

விருந்தினர்கள் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" அதற்கு மையம் ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தது. "கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நம்பிக்கை இருக்கு."

முதல் தடவை அதைச் சொன்னபோது தம்பிக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது.

மண்புழு உரப் பயிற்சிக்கும் அவனைக் கூப்பிட்டார்கள். கிடங்குக்குள் மற்றவர்கள் பாயில் உட்கார, அவனுக்கு மட்டும் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டார்கள். வருகை அவசியம், ஆனால் கற்றுக்கொள்ளக் கூடாது என்பது விதி. பாடம் சுவாரசியமாகும் இடங்களில் கள அலுவலர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்துவார்.

ஒருநாள் அவனுடைய மாடு வரப்பைத் தாண்டி அண்ணன் பக்கம் மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்து தம்பியின் நிலத்தில் சாணி போட்டது. கள அலுவலர் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினார். அந்தச் சாணியை மண்வெட்டியில் அள்ளி, வரப்பைத் தாண்டிக் கொண்டுபோய் அண்ணன் நிலத்தில் சேர்த்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"அது என் மாடு சார்" என்றான் தம்பி.

"மாடு உங்களுது. புல்லு திட்டத்தோடது."

தம்பியின் மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவள் இப்போது அண்ணனின் வயலில் கூலிக்குக் களை எடுத்தாள். சொந்தக் கொழுந்தன் மனைவிக்குக் கூலி கொடுப்பது அண்ணிக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தில் அவள் கூலியைக் கையில் தராமல் கூடையின் மேல் வைத்துவிட்டுப் போவாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஏன் சார், ஒரு வருஷம் அவங்க பச்சையா இருந்துட்டாங்க. அடுத்த வருஷம் அவங்க காயட்டும், நாங்க பச்சையா இருக்கோம். மாத்திக்கக் கூடாதா?" என்று அவள் கள அலுவலரைக் கேட்டாள்.

"ஒப்பீட்டை நடுவுல நிறுத்த முடியாதுக்கா."

"இல்ல, வேற யார் நிலத்தையாவது காயப் போடுங்க. ஊர்ல நிலத்துக்கா பஞ்சம்?"

"ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு முன்தான் இருக்கணும். ரெண்டாவதா ஒரு முன் வந்தா முதல் முன்னை விடுவிச்சாகணும். அவ்வளவு பெரிய முடிவெல்லாம் மேலிடத்துலதான் எடுப்பாங்க."

அண்ணன் சும்மா இருந்துவிடவில்லை. ஒருமுறை பொழுது சாய்ந்ததும் இரண்டு குடம் தண்ணீரை வரப்பைத் தாண்டி ஊற்றினான். மறுநாளே மண்ணின் ஈரத்தை ஒரு கருவி காட்டிக்கொடுத்தது. ஒப்பீடு கெட்டால் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று இயக்குநரே தொலைபேசியில் சொன்னார். அண்ணன் தம்பியின் முன் வந்து நின்றான்.

"டேய், என்னடா பண்ணச் சொல்ற? எனக்குத் தொண்டையில சோறு இறங்கல."

"நீ சாப்பிடுண்ணே" என்றான் தம்பி. "உன் பக்கமும் போச்சுன்னா ரெண்டு வீட்டுலயும் இறங்காது."

மழை பெய்தது இதற்குப் பிறகுதான்.

மத்தியானம் மேகம் திரண்டபோதே தம்பி நிலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டான். அவனுடைய மகள் அவன் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். முதல் சொட்டு விழுவதற்குள் இரண்டு ஜீப்கள் வந்து நின்றன. பச்சை மேற்சட்டைகள் இறங்கி ஓடின. ஒரு பெரிய நீலத் தார்ப்பாயைப் பிரித்து, முளை அடித்து, கயிறு கட்டி, தம்பியின் நிலம் முழுவதையும் மூடினார்கள். கள அலுவலர் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் வழிந்து அண்ணன் பக்கம் போகும்படி சரிவும் வைத்திருந்தார்கள்.

"என்ன சார் அநியாயம் இது!" என்று கத்தினாள் தம்பியின் மனைவி. "வானத்துல இருந்து விழுறதுக்கும் உங்க மையம்தான் சொந்தமா?"

"மழை திட்டத்துல இல்லக்கா. எதிர்பாராம வந்துடுச்சு."

"அப்ப அவங்க பக்கம் மட்டும் பெய்யுதே?"

"அது 'பின்' அக்கா. பின்னுக்கு என்ன நல்லது நடந்தாலும் அது திட்டத்தோட வெற்றி."

மழை விட்டதும் தார்ப்பாயை மடித்துத் தம்பியின் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள், அடுத்த மழைக்கு உதவும் என்று. வீடு ஒழுகினாலும் அதை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு ஒழுகத்தான் செய்தது.

அதன் பிறகு தம்பியின் மனைவி ஒரு குற்றம் செய்தாள். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் தேய்க்கும் கல்லின் ஓரத்தில், தானாக ஒரு தக்காளிச் செடி முளைத்திருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே அது முழங்கால் உயரம் வளர்ந்தது. அவள் அதை உடைந்த கூடையால் மூடி வைத்தாள். விருந்தினர் வரும் நாட்களில் கூடையின் மேல் கந்தல் துணியும் போட்டாள். காய் பிடித்தது. ஒன்று லேசாகச் சிவக்க ஆரம்பித்ததும் மகள் தினமும் கூடையைத் தூக்கிப் பார்த்து, "நாளைக்கா அம்மா?" என்பாள். "இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்டி" என்பாள் இவள்.

விருந்தினர் கூட்டத்தோடு வந்த கேமராக்காரர் நல்ல கந்தல் துணி ஒன்றைத் தேடிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். கந்தல் துணி கிடைத்தது. அதன் அடியில் செடியும் கிடைத்தது.

கள அலுவலர் வந்து செடியை வேரோடு பிடுங்கினார். பிடுங்கும்போது அவர் கண் கலங்கியதாகப் பிறகு அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. நான் வெறும் கருவிதான்."

"செடி போகட்டும் சார்" என்றாள் அவள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "அந்தப் பழத்தை மட்டும் குடுத்துட்டுப் போங்க. புள்ள ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கா."

"அது இப்ப ஆதாரம் ஆயிடுச்சுக்கா. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பணும்."

ஆதாரம் தலைமை அலுவலகம் போய்ச் சேரவில்லை. ஜீப்பில் ஏறியதும் கள அலுவலர் அதை மேற்சட்டையில் துடைத்துக் கடித்ததை, தெருமுனை வரை ஜீப்பின் பின்னால் ஓடிய மகள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். தம்பி அன்று சாப்பிடவில்லை.

திட்டத்தின் நிறைவு விழா நெருங்கியது. விழா முடிந்தால் எல்லாம் முடியும், வாய்க்காலைத் திறந்து நாற்று விடலாம் என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். விழாவில் அவன் பேச வேண்டிய நன்றியுரையை ஒத்திகை பார்க்கத் தலைமை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அது நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டிடம். உள்ளே நுழைந்ததும் தம்பிக்குக் குளிரில் பல் கிட்டித்தது. முற்றத்தில் அவனுடைய டீசல் இன்ஜின் மெருகு போட்டு நின்றது. அதன் கழுத்தில் "நாம் கடந்து வந்த இருட்டு" என்று ஓர் அட்டை. தம்பி அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். அப்போது எங்கிருந்தோ பழகிய வாசனை வந்தது. கட்டிடத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே லாரி அளவில் ஒரு ஜெனரேட்டர் டீசலைக் குடித்துப் புகையைத் துப்பிக்கொண்டிருந்தது.

"மாடியில சோலார் தகடு இருக்குன்னு சொன்னாங்களே?" என்று காவலாளியைக் கேட்டான்.

"இருக்கே. நிறைய இருக்கு" என்றார் காவலாளி. "மேல பார்த்தியா, 'சூரியனே எங்கள் தலைவர்'னு ஆள் உயரத்துக்கு எழுத்து வெச்ச பலகை? அதோட நிழல் முழுக்கத் தகடு மேலதான் விழுது. தகட்டை நகர்த்த இடமில்ல, பலகையை எடுக்க மனசில்ல."

மேலே, இயக்குநரின் அறையில், தம்பி கைகட்டி நின்று ஒரு விண்ணப்பம் வைத்தான்.

"சார், விழா முடிஞ்சதும் என் நிலத்துக்குத் தண்ணி விட்டுக்கலாமில்ல?"

இயக்குநர் அவனை உட்காரச் சொன்னார். அவர் கோபப்படாதவர்.

"தம்பி, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ரெண்டாம் கட்டத்துக்கு நிதி வரப்போகுது. இன்னும் அஞ்சு வருஷம். நீங்க தொடர்றீங்க."

"நான் காஞ்சு போயிட்டேன் சார். இனிமே தாங்காது. நிலத்தை வித்துட்டு எங்கேயாவது கட்டிட வேலைக்குத்தான் போகணும்."

"விக்கக் கூடாது. அந்த வறட்சிக்கு நாங்க எவ்வளவு உழைச்சிருக்கோம் தெரியுமா? எவ்வளவு கயிறு, எவ்வளவு தார்ப்பாய்! நாளைக்கே எல்லாரும் நல்லா ஆயிட்டா நாங்க யாரைக் காட்டி யாருக்கு நல்லது பண்றது? வறுமை இல்லாம வறுமை ஒழிப்பை எப்படிக் காட்டுறது, நீங்களே சொல்லுங்க. உங்களுக்குப் பாதிப்பு இருக்குன்னு தெரியும். பாதிக்கணும். பாதிப்பு இல்லேன்னா எதை அளக்கிறது?" பிறகு குரலைத் தாழ்த்தி, எல்லா மேடையிலும் சொல்வதை அவனிடமும் சொன்னார்: "உண்மையைச் சொல்லணும்னா, ஒப்பீடா இருக்கிறது தியாகமே இல்ல. அது ஒரு பெருமை. அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கலையேன்னு நான் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கேன்."

கூரையிலிருந்து குளிர்காற்று தம்பியின் தோள்கிழிசல் வழியாக உள்ளே இறங்கியது.

"ஏங்குறீங்களா சார்?"

"ரொம்ப."

"சரிங்க சார்" என்று எழுந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"அஞ்சு வருஷமா? நான் புள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க இங்கேயே பெருமூச்சு விட்டுக்கிட்டு நில்லுங்க."

"விழா வரைக்கும் இரு" என்றான் அவன். "அந்த மனுஷன் எதுக்கோ ஏங்கிக்கிட்டிருக்காரு. பாவம், வாங்கிக் குடுக்கலாம்னு பார்க்கிறேன்."

விழா மேடையை வரப்பின் மேலேயே போட்டார்கள். பந்தல் அண்ணன் பக்கம், வெயில் தம்பி பக்கம். நிதி கொடுக்கும் அமைப்பின் தலைவியை எல்லோரும் புரவலர் அம்மா என்றார்கள். அவர் ஒல்லியானவர், சிரிப்பு குறைவு, எதையும் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்பவர். மையத்தின் வெற்றி அறிக்கைகளை உண்மையிலேயே உட்கார்ந்து படித்த ஒரே மனிதர் அவர்தான் என்று பேசிக்கொண்டார்கள். அதனால் அவருக்கு ஒப்பீட்டின் மேல் பெரிய மதிப்பு இருந்தது.

இயக்குநர் பேசினார். மண், காற்று, சூரியன், எளிய மக்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னார். கடைசியில் தம்பியைக் கையால் காட்டினார்.

"வெற்றி பெற்ற நிலத்தை எல்லோரும் பாராட்டுவார்கள். நான் வணங்குவது இந்த வறண்ட நிலத்தை. இது இல்லாவிட்டால் மையம் இல்லை, நான் இல்லை. ஒப்பீடாக இருப்பது தியாகம் அல்ல, பெருமை! அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிறேன்!"

கைதட்டல் அடங்குவதற்குள் தம்பியை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார்கள். "என் வறட்சி பிறருக்கு வெளிச்சம்" என்று தொடங்க வேண்டும். கள அலுவலர் கீழே நின்று வாயசைத்து எடுத்துக்கொடுத்தார். தம்பி அவரைப் பார்க்கவில்லை.

"அம்மா, வணக்கம். எனக்கு மேடையில பேசத் தெரியாது. இயக்குநர் சார் பேசினதைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. இவ்வளவு பெரிய மனுஷன் இத்தனை நாளா ஒரு பாக்கியத்துக்கு ஏங்குறாரு. நான் ஒருத்தனே அதை அனுபவிச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு வெக்கமா இருக்கும்மா."

இயக்குநர் புன்னகைத்தார். தலையைக் கூட ஆட்டினார்.

"அதனால ரெண்டாம் கட்டத்துல இந்தப் பெருமையை அவருக்கே விட்டுக்குடுக்கிறேன். அவங்க அலுவலகம் 'முன்'னா இருக்கட்டும். அதுக்குப் பெருசா ஒண்ணும் செலவில்லம்மா. அங்க ஏற்கெனவே சூரிய மின்சாரம் கிடையாது."

புரவலர் அம்மாவின் தலை சாய்ந்தது. "கிடையாதா? நான் கொடுத்த தகடுகள்?"

"தகடு இருக்கும்மா. பெயர்ப்பலகை நிழல்ல இருக்கு. கட்டிடம் முழுக்கப் பின்னாடி இருக்கிற ஜெனரேட்டர்லதான் ஓடுது. எங்க இன்ஜின் கொசுவத்தி மாதிரி புகை விடும். அது கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி விடுது."

பந்தலில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். இயக்குநர் எழுந்து ஒலிவாங்கியைத் தேடினார்.

"அம்மா, அது ஒரு தற்காலிக ஏற்பாடு. கட்டிடம் திறந்த நாளிலிருந்து தற்காலிகமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது."

"அப்படியென்றால் அவர் சொல்வது சரி" என்றார் புரவலர் அம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. ஓர் ஆராய்ச்சியாளரின் மகிழ்ச்சிதான் இருந்தது. "எங்கள் தலைமையகம் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது. அது பின். உங்களுடையது முன். இதைவிடப் பொருத்தமான இணை எங்கே கிடைக்கும்? ஜெனரேட்டரை மூடிவிட வேண்டும். விவசாயியின் இன்ஜினை எடுத்ததுபோல."

"அம்மா, வேலை பாதிக்கும். கோடைக்காலத்தில் அந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்குள்..."

"பாதிக்கணும் சார்" என்றான் தம்பி, ஒலிவாங்கியில், மிகுந்த மரியாதையோடு. "பாதிப்பு இல்லேன்னா எதை அளக்கிறது? நீங்கதானே சொன்னீங்க."

"அருமையான வாசகம்" என்றார் புரவலர் அம்மா. "அதை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்."

பச்சை மேற்சட்டைகளுக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பழக்கத்தில் தட்டிவிட்டார்கள். தட்டிய பிறகு தங்களுடைய மேசையும் அதே கட்டிடத்தில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்கு நினைவு வந்தது.

"அப்புறம் அம்மா" என்றான் தம்பி, "ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு முன்தான்னு இந்தக் கள அலுவலர் சார் சொல்லியிருக்காரு."

எல்லோரும் கள அலுவலரைப் பார்த்தார்கள். அவர் பணிவானவர். "ஆமாம் அம்மா, விதி அப்படித்தான்" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அண்ணனே கடப்பாரையால் வாய்க்காலைத் திறந்தான். மஞ்சள் நாடாவை அண்ணி பிய்த்து எறிந்தாள். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கி, வெகுநேரம் மேலே வராமல், பிறகு மெதுவாக நிரம்பியது. தம்பியின் மனைவி கணுக்கால் முங்க அதில் நின்றாள். அவள் அப்போது பேசவில்லை என்று ஊரே சாட்சி.

கோடை நடுவில் புரவலர் அம்மாவிடமிருந்து தம்பிக்கு ஆள் வந்தது. முன்னாக இருந்த அனுபவம் நாட்டில் அவன் ஒருவனுக்குத்தான் இருக்கிறது என்பதால், ஒப்பீடு ஒழுங்காக நடக்கிறதா என்று அவனே பார்த்து வர வேண்டும் என்றார். கூடவே ஒரு பச்சை மேற்சட்டையும் வந்தது. தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு போனான். அவள் மகளையும் கூட்டிக்கொண்டாள். மகள் மடியில் தக்காளி கட்டிக்கொண்டாள்.

வாசலில் "முன்" பலகை நட்டிருந்தது. ஜெனரேட்டரை மஞ்சள் நாடா சுற்றியிருந்தது. மின்தூக்கி ஓடவில்லை. படியேறிப் போனால் ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் வெற்றி அறிக்கைகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவை வழவழப்பான கனத்த தாளில் அச்சிட்டவை, காற்று நன்றாக வந்தது. இயக்குநர் நான்காவது மாடியில் கண்ணாடிச் சுவரின் முன் உட்கார்ந்திருந்தார். உடம்போடு ஒட்டிய சட்டையிலிருந்து நீர் சொட்டியது.

"வாங்க தம்பி" என்று எழுந்தார். "நல்லவேளை நீங்களே வந்தீங்க. அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"சிரிக்காதீங்க சார்" என்றான் தம்பி. "படம் எடுக்கணும்."

பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் வைத்தான். தோளில் கிழிந்தது, முழங்கையில் ஒட்டுப் போட்டது.

"இது இனிமே உங்களுது. துவைக்கல சார். துவைச்சா பதம் கெட்டுடும்னு உங்க ஆளுங்கதான் சொன்னாங்க."

தம்பியின் மனைவி அதற்குள் மேசையைச் சுற்றி வந்துவிட்டாள். கீழே கவிழ்த்து வைத்த குப்பைக்கூடைக்குள் ஏதோ முனகியது. கூடையைத் தூக்கினாள். உள்ளங்கை அளவில், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மின்விசிறி. அவள் கூடையையும் விசிறியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விசிறியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அதை மட்டும் விட்டுடுங்கம்மா" என்றார் இயக்குநர். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "எனக்கு மூச்சு முட்டுது."

"மன்னிச்சுக்கங்க சார்" என்றாள் அவள். "நாங்க வெறும் கருவிதான்."

மகள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து, சட்டையில் துடைத்துக் கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. வாசலில் நின்ற கள அலுவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"இப்ப எப்படி உணர்றீங்க சார்?" என்று கேட்டான் தம்பி.

இயக்குநர் நெற்றியைத் துடைத்தார். பதில் அவருக்குத் தெரியும், அவர் எழுதிக்கொடுத்ததுதான். "கஷ்டமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா..."

அந்த நேரம் பார்த்து வெளியே மரங்கள் அசைந்தன. திறந்திருந்த ஒரே ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று நல்ல வேகத்தில் உள்ளே வந்தது. மேசைத் தாள்கள் எழும்பின. இயக்குநர் கண்ணை மூடி முகத்தை அந்தப் பக்கம் நீட்டினார்.

தம்பி ஜன்னலைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"காத்து திட்டத்துல இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல" என்றான் தம்பி. "எதிர்பாராம வந்துடுச்சு."

அவன் படியிறங்கிப் போய், வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வந்திருந்த அந்த நீலத் தார்ப்பாயைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அதை ஜன்னலின் குறுக்கே விரித்துக் கட்டியது கள அலுவலர்தான். காற்று உப்பித் தள்ளியும் ஒரு கயிறு கூட நெகிழவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் அவர் இழுத்துப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்.